நூலகத்துக்கு ஒரு மேசை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வராந்தாவில் ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் ஒரு மேசை போடுகிறோம். மேசைமேல் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் எல்.இ.டி. பல்புகள், காசு மாதிரி இருக்கும் பேட்டரிகள், உடைந்த பொம்மைக் கார்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள், ஒயர், இன்சுலேஷன் டேப், நாலைந்து ஸ்க்ரூ டிரைவர். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து எதையாவது செய்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒன்றரை வருடமாக இது நடக்கிறது.

நூலகங்களில் பிள்ளைகளுக்கு ரோபோ பயிற்சி, கோடிங் பயிற்சி என்று இப்போது நிறைய நடக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் பெரும்பாலும் அது ஒருநாள் விழாவாக முடிந்துவிடுகிறது. நானும் அப்படி ஒன்றில் உதவிக்குப் போயிருக்கிறேன். காலையில் வரவேற்புரை, ஒரு கிட்டுக்கு எட்டுப் பிள்ளைகள், சுறுசுறுப்பான ஒருவன் மட்டும் ஒயரைச் சொருக மற்ற ஏழு பேரும் வேடிக்கை. சாயங்காலம் குழுப் படம். மறுநாள் ஒரு பையன் "நேத்து செஞ்ச வண்டி ஓடல, இன்னொரு தடவை பாக்கலாமா?" என்று நூலகத்துக்கு வந்திருக்கிறான். கிட்டெல்லாம் வண்டியேறிப் போயாச்சு. அந்தக் கேள்விதான் அந்தப் பயிற்சியின் பலன். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், விழா வேண்டாம். வாரம் தவறாமல் ஒரு மேசை போடுங்கள்.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல்முறையாக வந்தாள். எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகிப் பிடித்தாள். "அக்கா, எரியல." நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். அவள் மாற்றிப் பிடித்திருந்தாள். என் கை தானாக நீண்டது, பின்னால் இழுத்துக்கொண்டேன். "பல்பு போயிடுச்சா, பேட்டரி போயிடுச்சா, எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று மட்டும் கேட்டேன். பக்கத்துப் பையனிடம் எரிந்துகொண்டிருந்த பல்பை வாங்கித் தன் பேட்டரியில் வைத்தாள். எரியவில்லை. அவன் பேட்டரியில் தன் பல்பை வைத்தாள். அதுவும் எரியவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பல்புகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் "அக்கா, ஒரு கால் குட்டையா இருக்கு" என்றாள். திருப்பி வைத்தாள், சிவப்பாக எரிந்தது. இதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. வகுப்பறையில் ஒரு ஆசிரியரால் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் விட முடியாது. பாடத்தை முடிக்க வேண்டும், பரீட்சை வருகிறது. நூலகத்தில் அந்த அவசரம் இல்லை.

"புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ரங்கநாதனைத்தான் சொல்வேன். இந்திய நூலகவியலின் தந்தை, நம் சீர்காழிக்காரர். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-இல் நூலகவியல் படிக்க லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியை யாரோ செய்து காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். துளை போட்ட பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வேறு வேறு விதமாக இணைத்து விதவிதமான பொம்மைகள். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஒரு கூண்டு செய்து வைக்காமல், சிறு சிறு கூறுகளை இணைத்து, புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்குவதற்கான எண்ணை உருவாக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். அதுவே 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. ஒரு கடையில் பொம்மை மேசைக்கு முன்னால் நின்றதிலிருந்து பிறந்த நூலக முறை அது. நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது. வளரட்டுமே.

சரி, சத்தம் ஒரு நிஜமான பிரச்சினை. தமிழ்நாட்டில் எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் மேசையில் பாதி டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற அண்ணன் அக்காக்கள்தான். வீட்டில் இடமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களுடைய அமைதியைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆரம்பத்தில் ஒரு அண்ணன் வெளியே வந்து, "பாப்பா, குரூப் 4-க்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு" என்று தன்மையாகத்தான் சொன்னார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது.

எங்களிடம் இரண்டே இரண்டு மைக்ரோபிட் இருந்தன. நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினி அது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மின்சுற்று அட்டை. 25 குட்டி விளக்குகள், இரண்டு பொத்தான்கள். புதிய வகையில் மைக்கும் உண்டு. சத்தம் கூடினால் அழுமூஞ்சி காட்டும் கருவி செய்யலாம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் கிளம்பினார்கள். கணினித் திரையில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப்போட்டு நிரல் எழுதுவது அரை மணி நேர வேலை. ஆனால் வராந்தாவில் யாரும் பேசாதபோதே அது அழுதது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு சத்தத்தின் அளவை எண்ணாகவே திரையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி! அதை நிறுத்தினால் எண் இறங்குகிறது, போட்டால் ஏறுகிறது. சரி, எல்லையை எவ்வளவு வைப்பது? அதைத் தாங்களே முடிவு செய்யாமல் உள்ளே போய் அந்த அண்ணனையே கூப்பிட்டு வந்தார்கள். அவர் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். இவர்கள் வெளியே மெதுவாகப் பேசி, கொஞ்சம் உரக்கப் பேசி, சுத்தியலால் தட்டி, ஒவ்வொன்றுக்கும் "இது பரவாயில்லையா அண்ணா?" என்று கேட்டுக் கேட்டு எண்ணைக் குறித்தார்கள். இப்போது அது மேசை நடுவில் இருக்கிறது. அழுமூஞ்சி வந்தால் பிள்ளைகளே ஒருவரையொருவர் அடக்குகிறார்கள். அளவிடுவது, தேவையற்ற சத்தத்தைப் பிரிப்பது, பயன்படுத்துபவரைக் கேட்டு வடிவமைப்பது என்று பொறியியல் கல்லூரியில் பாடமாக வைப்பதை அவர்கள் ஒரு சண்டையைத் தீர்ப்பதற்காகச் செய்தார்கள். அதை ஒருநாள் பயிற்சியில் யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. நான் பார்த்த ஒரு நூலகத்தில் நன்கொடையாக வந்த 3டி பிரிண்டர் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. பிளாஸ்டிக் இழை ஈரம் இழுத்து, முனை அடைத்துக்கொண்டது. சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. ஓடினாலும் உள்ளங்கை அளவு பொம்மைக்கு மணிக்கணக்கில் ஆகும், இருபது பிள்ளைகள் அதுவரை என்ன செய்வார்கள்? ஒரு எல்.இ.டி. இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் அதை வாங்குவோம்.

ஆளும் வெளியூரிலிருந்து வரத் தேவையில்லை. எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் கருகிப்போன மிக்ஸி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய செம்புக் கம்பியைப் பிரித்து, எத்தனை சுற்று என்று பிள்ளைகளை எண்ணவிட்டார். கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகினால் சுற்றுக்குச் சுற்று ஒட்டி ஷார்ட் ஆகும் என்று கருகிய இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். என்னுடைய டிப்ளமோ படிப்பில் யாரும் அதை எனக்கு அப்படிக் காட்டியதில்லை. நூலகத்துக்குள் வருவது அதுதான் முதல்முறை என்று போகும்போது சொன்னார். அடுத்த வாரம் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காசு பேட்டரியைச் சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். அக்காவோடு வரும் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் கொடுத்த பேட்டரிகளை எண்ணித் திரும்ப வாங்குகிறோம். சால்டரிங் (உலோகத்தை உருக்கி ஒயரை ஒட்டுவது) பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் மிட்டாயைத் தொட விடுவதில்லை, எங்கள் சால்டர் கம்பியில் ஈயம் இருக்கிறது.

பணம்? 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது, இன்றைக்கு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய். உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகவே போட்டிருக்கும். அதிலிருந்து கிளைக்கு மாதம் சில நூறு ரூபாய் இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு என்று ஒதுக்கி, செலவழிக்கும் அதிகாரத்தை நூலகர் கையிலேயே கொடுக்க வேண்டும். எங்கள் நூலகர் மேடம் ஒயர் வாங்கவும் தன் கைக்காசைத்தான் போடுகிறார். இது நியாயமில்லை.

உங்கள் ஊர் நூலகத்தில் வராந்தா இருந்தால் போய்க் கேளுங்கள். முதல் மாதத்துக்குத் தேவையான சாமான் பட்டியலை நான் தருகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள், வீட்டில் ஓடாத மிக்ஸி இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். காயில் அண்ணன் அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார், இந்தமுறை பிள்ளைகளே சுற்றப்போகிறார்கள்.