அழுத்தி ஊதினால் மேல் சுரம் வராது, சார்!

கிளாரினெட் கற்றுக்கொள்கிற யாரிடமாவது மேல் சுரங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "இன்னும் அழுத்தி ஊதச் சொல்றாங்க" என்றுதான் புலம்புவார்கள். அழுத்தி ஊதினால் வருவது சுரமே இல்லை. கீச்சென்று ஓர் அலறல் வரும், இல்லாவிட்டால் வெறும் காற்று. உடனே "பல்லால கடிக்காதே" என்பார்கள், அடுத்த மூச்சிலேயே "உதட்டை இன்னும் இறுக்கு" என்பார்கள். இதில் எதைத்தான் கேட்பது? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அருமையாக வாசிப்பவர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆனால் அந்தச் சுரம் எப்படி வருகிறது என்று கேட்டால் "பிராக்டிஸ் பண்ணு, தானா வரும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

தானாக வராதுங்க! இந்த வாத்தியத்தின் அமைப்பே வேறு. புல்லாங்குழலில் அதே விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக ஊதினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வந்துவிடும். கிளாரினெட் நேரான உருளைக் குழாய், ஊதுகிற பக்கம் ரீடு (வாயில் வைத்து அதிரவைக்கும் மெல்லிய நாணல் பட்டை) அடைத்திருப்பதால் ஒரு முனை மூடியதற்குச் சமம். அதனால் கீழே ச பிடித்து, கட்டைவிரலால் ரிஜிஸ்டர் கீயை, அதாவது மேல் சுரங்களுக்கு மாற்றும் சாவியை, அழுத்தினால் மேல் ச வராது, அதையும் தாண்டி மேல் ப வரும். அதற்கும் மேலே போக இடது ஆள்காட்டி விரலைத் தூக்கினால் இரண்டு ஸ்தாயி தள்ளி அந்தர காந்தாரத்தில் போய் நிற்கும். அங்கேயும் பல சுரங்களுக்கு வலது சுண்டுவிரல் சாவியையும் சேர்த்து அழுத்தினால்தான் சுருதி நிற்கும்.

சரி, இந்த விரல் விவரமெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படம் போட்டே இருக்கிறது. ஆனால் விரல் பாதி வேலைதான். மீதிப் பாதி வாய்க்குள்ளே நடக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை! நாக்கின் பின்பகுதி 'ஈ' சொல்லும்போது இருப்பதுபோல் மேலே எழும்பி நிற்க வேண்டும், காற்று ஒடுங்கி வேகமாகப் போக வேண்டும். நாக்கு கீழே கிடந்தால் விரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அடியிலிருந்து ஓர் உறுமல்தான் கிளம்பும். அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 1924 'ராப்சடி இன் ப்ளூ' தொடக்கத்தில் கிளாரினெட் வழுக்கிக்கொண்டே மேலேறுமே, அதில் விரலோடு சேர்ந்து தொண்டையும் நாக்கும்தான் சுருதியை இழுக்கின்றன. ஜெர்மன் இசையமைப்பாளர் வெபர் தன் கிளாரினெட் கச்சேரி இசையை எழுதியது 1811இல். அன்றைக்கே அந்த உயரத்தில் வாசிக்க ஆள் இருந்தார்கள். இருநூறு வருஷமாகத் தெரிந்த விஷயத்தை இன்றைக்கும் ஏன் ரகசியம் மாதிரி பொத்தி வைக்க வேண்டும்?

இதைவிட எரிச்சல் ரீடு விவகாரம். மேல் சுரம் வரவில்லையா, இரண்டரை நம்பர் ரீடை விட்டுவிட்டு அதைவிடத் தடித்த மூன்றுக்குப் போ, மூன்றிலும் வரவில்லையா, மூன்றரைக்குப் போ. நாக்கு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதே இல்லை! தடித்த ரீடை அதிரவைக்கப் பிள்ளைகள் இன்னும் கடிக்கிறார்கள், கீழ் உதட்டின் உட்பக்கம் பல் பதிந்து புண்ணாகிறது, சுருதி ஏறிப்போய்த் தொனி சுருங்கிவிடுகிறது. பெட்டி பெட்டியாக ரீடு வாங்கிப் பணம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் இன்னொரு பேச்சு: "ஏ.கே.சி. நடராஜன் ஊதலையா? உனக்கென்ன?" ஐயா, அவர் நாதஸ்வரமும் பயின்றவர், 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயர் வாங்கியவர். அவர் உச்சியில் நின்று கமகம் பிடித்ததைக் காட்டி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவமானப்படுத்தாதீர்கள், அந்த உச்சிக்கு ஏறும் வழியைக் காட்டுங்கள்.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேற்கத்திய முறையில் சொன்னால், கீழ் ஏ (A) சுரத்தை நீளமாகப் பிடிக்க வேண்டும், அப்படியே ரிஜிஸ்டர் கீயைத் திறந்தால் ஈ (E) சுரம், அதிலிருந்து இடது ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்தால் மேல் சி ஷார்ப் (C#). மூன்றுக்கும் உதடு அசையக் கூடாது, நாக்கும் காற்றும்தான் மாற வேண்டும். இந்த ஒரு பயிற்சியை முதல் வருஷத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வையுங்கள், சார். உதட்டில் புண்ணோடு வருகிற பிள்ளையிடம் மறுபடியும் "அழுத்தி ஊது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.