பைப் புகைப்போர் நீண்ட நாள் வாழ்வர் என 1964 அறிக்கை சொன்னதா?

“புகைக்காதவர்களைவிடப் பைப் புகைப்போரே அதிக காலம் வாழ்கின்றனர் என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது” என்ற செய்தி, பைப் (புகையிலையை நிரப்பிப் புகைக்கும் குழல்) ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. அது தவறு.

பைப் புகைப்போரின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களுடையதைவிட அதிகமாக இருந்தால்கூட, அது மிகச் சிறிதளவே என்பதுதான் அவ்வறிக்கையின் கூற்று. பைப் புகைப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்றும் அதே அறிக்கை பதிவு செய்தது. பகிர்வோர் அந்த வரியை வசதியாக விட்டுவிடுகின்றனர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 1,38,307 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பைப் மட்டுமே புகைத்தவர்கள் நுரையீரல், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களால் இறக்கும் அபாயம், புகையிலையையே தொடாதவர்களைவிட அதிகம் எனக் கண்டது.

புகையை உள்ளிழுக்காவிட்டால் தீங்கில்லை என்ற துணை வாதமும் நிற்காது. காற்றில் உலர்த்தப்படும் பர்லி என்னும் புகையிலை வகையின் இலையில் சர்க்கரை மிகக் குறைவு. அதன் புகை காரத்தன்மை உடையது என்பதால், நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். வர்ஜீனியா என்னும் புகையிலை வகைக் கலவையின் இனிப்போ, பைப்பைப் பிரையர் என்னும் மரக்கட்டையில் செய்வதா மீர்ஷாம் என்னும் மென்கல்லில் செய்வதா என்ற தேர்வோ (ஆர்வலர்கள் மணிக்கணக்கில் விவாதிப்பது இதைத்தான்) சுவையையும் சூட்டையும் மாற்றுமே தவிர, எரியும் இலையிலிருந்து வரும் ‘தார்’ என்னும் பிசுபிசுப்பான நச்சுப் பொருளை நீக்குவதில்லை.