தோசைக்கல் வாங்க மாவை விற்ற கதை

போன வாரம் நண்பர் வீட்டில் பழைய சண்டை மறுபடி கிளம்பியது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட். 2023 டிராஃப்டில் நம் அணியான கரோலைனா பாந்தர்ஸ், பந்தை எறியும் குவாட்டர்பேக் இடத்துக்கு சி.ஜே. ஸ்ட்ரௌடை விட்டுவிட்டு பிரைஸ் யங்கை எடுத்ததுதான் எல்லாப் பாவத்துக்கும் மூலம் என்கிறார் அவர். எனக்கு உடன்பாடில்லை. பாவம் அதற்கு முந்தின மாதமே நடந்து முடிந்துவிட்டது.

டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கும் இடத்தை வாங்க சிகாகோ பேர்ஸ் அணிக்கு என்ன விலை கொடுத்தோம்? அந்த வருஷத்து 9ஆவது, 61ஆவது தேர்வுகள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று. போதாததற்கு ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர், டி.ஜே. மூர். தேர்வுகள் போனால் போகட்டும். குவாட்டர்பேக் வேண்டுமென்றால் அழுதுதான் ஆகணும். இருந்த ஒரே உருப்படியான ரிசீவரையும் தூக்கிக் கொடுத்ததுதான் தோசைக்கல் வாங்க மாவை விற்ற கதை.

மூர் அந்த சீசன் சிகாகோவில் பந்தைப் பிடித்து 1,364 யார்டு தூரம் எடுத்தார். இங்கே யங்குக்கு வாய்த்தது 33 வயது ஆடம் தீலனும், இரண்டாம் சுற்றில் எடுத்த ஜோனதன் மிங்கோவும். தீலன் பாவம், 103 கேட்ச் பிடித்து உழைத்துக் கொட்டினார். மிங்கோ 43 கேட்ச், பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொடும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. யங்கை 62 முறை பந்தோடு சேர்த்துச் சாய்த்தார்கள். 2 வெற்றி, 15 தோல்வி. அத்தனை தோல்வியால் நாம் கொடுத்த 2024 தேர்வு முதல் இடமாகவே போய் விழுந்து, சிகாகோ குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை அள்ளிக்கொண்டது!

ரிசீவர் 12 யார்டு ஓடி, சட்டென்று நின்று திரும்பும் ஆட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் போயிருக்கும். 'இவன் பன்னிரண்டில் நிற்பானா, பதினாலுக்குப் போயிடுவானா' என்ற சந்தேகம் வந்தால் பந்தை ஒரு நொடி பிடித்து வைப்பார். அந்த ஒரு நொடியில் 120 கிலோ ஆள் ஒருத்தர் மேலே வந்து விழுவார். குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன்கள் ஒழுங்காகத் தடுக்கவில்லை என்பதும் நிஜம்தான். ஆனால் அந்த 62இல் எத்தனை இந்தச் சந்தேகத்தால் வந்தவை?

நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். ஸ்ட்ரௌட் போய்ச் சேர்ந்த ஹூஸ்டன் அணியில் அவருக்கு இருந்த ரிசீவர்கள் நிகோ காலின்ஸ், டேங்க் டெல் இரண்டு பேருமே மூன்றாம் சுற்று ஆட்கள்தானே? ஸ்ட்ரௌட் முதல் சீசனிலேயே 4,108 யார்டு எறியவில்லையா? முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த இருவரும் தடுப்பவரை உதறிவிட்டுத் தனியாக வந்து நிற்கத் தெரிந்தவர்கள். மிங்கோவையும், அடுத்த வருஷம் வந்த ஸேவியர் லெகெட்டையும் உடம்பையும் வேகத்தையும் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பேசும் நானும் 2025இல் சறுக்கியவன்தான். அதற்கு முந்தைய சீசனில் நம் தடுப்பாட்டம் 534 புள்ளி விட்டுக்கொடுத்திருந்தது. என்எஃப்எல் வரலாற்றிலேயே ஒரு சீசனில் யாரும் அவ்வளவு விட்டதில்லை. 8ஆவது தேர்வில் ரிசீவர் டெட்டைரோவா மெக்மிலன் என்று அறிவித்ததும், கூரை ஒழுகும்போது சோபா வாங்குகிறார்களே என்று டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அவரோ முதல் சீசனிலேயே 1,000 யார்டு தாண்டி, தாக்குதல் ஆட்டத்தில் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதும் வாங்கிவிட்டார். ஆறடி நாலங்குலம். அவர் திரும்பும் முன்பே யங் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார். 2023 என்றால் அந்தப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடிவாங்கியிருப்பார்.

2025 டிராஃப்ட் நடந்த அன்றிரவு நான் வாட்ஸப்பில் திட்டி அனுப்பியதெல்லாம் நண்பர் போனில் அப்படியே இருக்கிறது. போன வாரம் அவர் மனைவி முன்னாலேயே வாசித்துக் காட்டினார்.