ஹோல்டனின் தம்பி

சாலிஞ்சர் எழுதிய ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலை இருபது வருஷம் கழித்து மறுபடியும் படித்தேன். கல்லூரி நாட்களில் அதன் நாயகன் ஹோல்டனைக் கண்டாலே எரிச்சல் வரும். வசதியான வீட்டுப் பையன், 5 பாடத்தில் 4 ஃபெயில், பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள், நியூயார்க்கில் ஓட்டல் அறை எடுத்துக்கொண்டு பார்க்கிறவர்களையெல்லாம் போலி போலி என்று திட்டியபடி திரிகிறான், இவனுக்கு அப்படி என்னதான் குறை என்று தோன்றும்.

இந்தத் தடவை 5-ஆவது அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். அறைத் தோழனுக்காக ஒரு கட்டுரை எழுத உட்காருகிறான். ஏதாவது ஒரு அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். இவன் எழுதுவதோ இறந்துபோன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி. மைதானத்தில் சும்மா நிற்கும் நேரத்தில் படிப்பதற்காக அந்தக் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகளை எழுதிவைத்திருந்த பையன் ஆலி. ரத்தப் புற்றுநோயில் போனபோது அவனுக்கு 11 வயது, ஹோல்டனுக்கு 13. அன்றிரவு கராஜில் படுத்த ஹோல்டன் அங்கிருந்த ஜன்னல்களையெல்லாம் வெறும் கையாலேயே உடைத்தான். அந்தக் கையை இன்றும் அவனால் இறுக்கி மூட முடியாது, மழை வந்தால் வலிக்கும். இதையெல்லாம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான், அப்போது நானும் அப்படியே கடந்துவிட்டேன். ஆலியின் இறுதிச் சடங்கில்கூட இவன் இல்லை, கைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்!

இதைக் கலகக்கார இளைஞனின் கதை என்று சொல்லிச் சொல்லியே நாம் கெடுத்துவிட்டோம். என்னைக் கேட்டால் இது தம்பிக்காக இன்னும் அழுது முடிக்காத அண்ணனின் கதை. வரலாற்று ஆசிரியர் இவனுடைய விடைத்தாளை எடுத்து இவன் முகத்துக்கு நேராகவே வாசிக்கிறார். படிப்பு, எதிர்காலம் என்று பெரியவர்கள் எல்லோரும் பேசுகிறார்களே தவிர, ஆலி பேச்சை யாரும் எடுப்பதில்லை. பத்து வயதுத் தங்கை ஃபீபியிடம் மட்டும்தான் இவனுக்கு வாய் திறக்கிறது. சாலிஞ்சர் இரண்டாம் உலகப் போரில், 1944-இல், பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கிப் போரிட்டவர், மறுவருஷம் மனம் நொறுங்கி மருத்துவமனையில் இருந்தவர், நாவல் வந்தது 1951-இல். போகிற போக்கில் சொல்வது எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

பாதியில் மூடிவைத்தவர்கள் 14-ஆவது அத்தியாயத்தின் தொடக்கம் வரையாவது போய்ப் பாருங்கள். முன்னொரு நாள் நீ சின்னப் பையன் என்று சொல்லி ஆலியை விட்டுவிட்டு நண்பனோடு சைக்கிளில் போயிருக்கிறான். இப்போது மனசு தாங்காத ராத்திரிகளில் ஆலியிடம் வாய்விட்டே பேசுகிறான். சரி, வீட்டுக்குப் போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா என்கிறான்.