மூச்சு இருக்கிறது என்று நாங்களும் நம்பினோம்

இறகுப்பந்து அரங்கில் ஒருவர் இதயம் நின்று சரிந்து விழும் அந்தக் காணொளியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். விழுந்தவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார், ஆனால் அவருடைய நெஞ்சின் மீது ஒருவர் கையும் இல்லை. அந்தக் காணொளிக்குக் கீழே "விதி முடிந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்" என்று எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. செய்ய முடியும். நெஞ்சை அழுத்தியிருக்க முடியும்.

இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் மின்னதிர்ச்சியைக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இடைவிடாமல் நெஞ்சை அழுத்தினால் அந்தச் சரிவு மெதுவாகும். 108-ஐ உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அழைத்துவிட்டு வாசலைப் பார்த்து நிற்கக் கூடாது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தபோது, அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அவர் மீண்டும் பந்து விளையாடினார். "அங்கே மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள்" என்பீர்கள். உண்மைதான். இங்கே பதினைந்து பேருக்கு முப்பது கைகள் இருந்தனவே.

விலா எலும்பு முறியுமே என்றால், முறியலாம், பிறகு கூடிவிடும். வாயோடு வாய் வைக்கத் தயக்கம் என்றால், பெரியவர்களுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினாலே போதும்: நடு நெஞ்சில், இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. "தெரியாதவன் கை வைத்து உயிர் போய்விட்டால்?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இதயம் நின்றவருக்கு நம் கையால் அதைவிடப் பெரிய கேடு என்ன வந்துவிடப் போகிறது?

நான் கோபமாக எழுதுவதாகத் தோன்றினால், காரணம் உண்டு. எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்; இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். பெரியப்பா இடையிடையே வாயைத் திறந்து, குறட்டை போன்ற ஒலியுடன் காற்றை இழுத்தார். "மூச்சு இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி இழுக்கும் என்பதும், அது மூச்சே அல்ல என்பதும் பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

"வண்டி சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாராடா?" என்று பெரியம்மா இன்றும் என்னிடம் கேட்கிறார். வண்டியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார். அது வரும்வரை பெரியப்பாவின் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.