ஃபாலிக்கிளுக்கு ஏது ஈஸ்டர் லீவு?

குழந்தைக்காக ஒரு கிளினிக்கில் சிகிச்சை எடுக்கிறேன். வியாழக்கிழமை ஸ்கேனில் வலது சினைப்பையில் ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் நீர்ப்பை, 15 மில்லிமீட்டர். "நல்லா வளருது, செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார்கள். செவ்வாயா? ஈஸ்டராம். புனித வெள்ளி லீவு, சனி ஞாயிறு கேட்கவே வேண்டாம், திங்கள் இங்கே தென்னாப்பிரிக்காவில் குடும்ப தினம், அதற்கும் பூட்டு. டர்பனில் நமக்கும் ஈஸ்டர் திருவிழாதான், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. லீவு எடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது? கூப்பிட்டால் வர ஓர் ஆளைப் போட முடியாதா?

கணக்குத் தெரியாதவர்களா இவர்கள்? முதிர்கிற ஃபாலிக்கிள் நாளுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். 18-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அந்தச் சமயம் பார்த்துத்தான் முட்டையை வெளியே வரவைக்கும் ஊசி. போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும், விந்தணுவைக் குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ-யும் அதை ஒட்டித்தான். வந்த முட்டைக்கு ஆயுசு அதிகம் போனால் ஒரு நாள். வியாழன் 15 என்றால் சனி 19, ஞாயிறு 21. நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்!

சரி, செவ்வாய் போனேன். ரிசப்ஷனில் "நிறைய தண்ணி குடிங்க" என்றாள், குடித்தேன். பக்கத்தில் ஏழெட்டு மாத வயிற்றோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் நான். ஓர் ஆண்ட்டி சிரித்துக்கொண்டே "உனக்கு எத்தனை மாசம்மா?" என்று கேட்கிறார். ஏற்கெனவே மூத்திரம் முட்டுகிறது, இதில் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். உள்ளே போனால், "ஐயோ, காலியா இருக்கணுமே, போயிட்டு வாங்க." வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கத்தான் மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், உள்வழி ஸ்கேனுக்குக் காலியாக இருக்க வேண்டும். எனக்கு எந்த ஸ்கேன் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. படித்தால் குறைந்தா போய்விடும்?

திரையில் ஃபாலிக்கிள் என்று முன்பு காட்டிய அந்தக் கறுப்பு வட்டத்தைக் காணோம். இருந்த இடத்தில் ஓரம் மடங்கிச் சுருங்கிய ஏதோ ஒன்று, கருப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர். "ஓ, வெடிச்சிருச்சே! பரவாயில்ல, அடுத்த மாசம் பாக்கலாம்."

பரவாயில்லையாம்! உடம்பெல்லாம் தீயாகக் கொதிக்க மாத்திரை விழுங்கினது நான். மெடிக்கல் எய்ட், அதுதான் மருத்துவக் காப்பீடு, கைவிரித்துவிட்டதால் ஸ்கேனுக்கெல்லாம் கைக்காசு போட்டது என் வீட்டுக்காரர். இவர்களுக்கு எதில் பரவாயில்லை?

அடுத்த சுற்றுக்கு நாள் எண்ணிப் பார்த்தால் மே 1 குறுக்கே நிற்கிறது, தொழிலாளர் தினம், அதுவும் வெள்ளிக்கிழமை. உடனே ஃபோன் போட்டுக் கேட்டேன். "அன்னைக்கு நாங்க க்ளோஸ் மேடம், திங்கக்கிழமை வாங்க" என்கிறாள்.