கீசர்னு சொன்னா சிரிப்பு வருதா?

வெளிநாட்டுல பையன் வீட்டுக்குப் போன ஒரு அம்மாவோட இங்கிலீஷைக் கிண்டல் பண்ணி ஒரு ரீல் சுத்துது. அதை இனிமே யாராச்சும் எனக்கு அனுப்பினா பிளாக்தான், முன்னாடியே சொல்லிட்டேன். குடும்ப குரூப், காலேஜ் குரூப், போதாக்குறைக்கு மெசஞ்சர்ல தனியா வேற, "செம காமெடி, பாரு". பார்த்தேன். அந்தம்மா "கீசர் போடுப்பா"ங்கிறாங்க, பையன் கேமராவைப் பார்த்து முழிக்கிறான். "காட்"டுக்கு, அதாவது கட்டிலுக்கு, அடியில சூட்கேஸ் இருக்குங்கிறாங்க, பின்னாடி சிரிப்புச் சத்தம். "பீரோ"ன்னதும் மருமகளும் சேர்ந்து சிரிக்குது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்தம்மா பேசினதுல தப்பே கிடையாது. அது வேற ஊர் இங்கிலீஷ்.

கீசரையே எடுத்துக்குங்க. 1868ல லண்டன்ல பெஞ்சமின் வாடி மாகன்னு ஒரு பெயின்டர், கேஸ்ல தண்ணி காய வைக்கிற சாதனம் ஒண்ணு செஞ்சார். ஐஸ்லாந்துல பீய்ச்சி அடிக்கிற வெந்நீர் ஊத்தோட பேரையே அதுக்கு வெச்சார். வெள்ளைக்காரன் பாத்ரூம்ல இருந்த பேர்தான் நம்ம பாத்ரூமுக்கு வந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல இன்னிக்கும் கீசர்தான். உச்சரிப்பும் அந்தம்மா சொன்னது பிரிட்டிஷ் உச்சரிப்புதான். 'கைசர்'ங்கிறது அமெரிக்காக்காரன் சொல்றது. அதை வெச்சு "இட்ஸ் கைசர், மாம்"னு ரீல்ல அந்தப் பையன் திருத்துறான் பாருங்க, என்னத்த சொல்ல.

'காட்' இன்னும் மோசம். அமெரிக்காவுல மடக்குக் கட்டில். இங்கிலாந்துல குழந்தையைப் போடுற கம்பிக் கட்டில். நம்ம ஊர்ல எல்லாரும் படுக்குற கட்டில். அந்த வார்த்தை இங்கிலீஷுக்குப் போனதே இந்தியிலேர்ந்து. இந்திக்கு அது சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது, சமஸ்கிருதத்துக்கே நம்ம 'கட்டில்' பக்கத்துலேர்ந்துதான் போயிருக்கும்னு சொல்ற மொழியியல்காரங்க இருக்காங்க. நம்ம கட்டிலைப் பத்தி நமக்கே பாடமா?

பீரோ பிரெஞ்சுக்காரன் கொடுத்தது. முரட்டுத் துணியோட பேரா ஆரம்பிச்சு, துணி விரிச்ச மேஜைக்குப் போய், கடைசில ஆபீசுக்கே பேராயிடுச்சு. இங்கிலாந்துல எழுதுற மேஜை, அமெரிக்காவுல டிராயர் வெச்ச பெட்டி. நம்ம வீட்டுல பட்டுப்புடவையும் பத்திரமும் அந்துருண்டையும் இருக்கிற இரும்பு பீரோ. எல்லா ஊர்லயும் அர்த்தம் மாறியிருக்கு. நம்மகிட்ட வந்தா மட்டும் காமெடி.

ஆஸ்திரேலியாவுல பெட்ஷீட், துண்டு விக்கிற பகுதிக்கு 'மான்செஸ்டர்'னு பேர். அந்த ஊர் மில் துணி கப்பல்ல வந்த காலத்துப் பேரு, இன்னும் போர்டுல இருக்கு. (கோயம்புத்தூர்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) அயர்லாந்துல அலமாரிக்கு 'பிரஸ்'. அமெரிக்காவுக்குள்ளேயே வடக்கத்திக்காரங்க 'பெயில்'னு சொன்னதை மத்தவங்க 'பக்கெட்'னு சொன்னாங்க. எந்த ஊர்ல எதுன்னு ஹான்ஸ் குராத்னு ஒரு மொழியியல்காரர் 1949லயே மேப் போட்டுப் புத்தகம் எழுதிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி ஊர்ப்பேச்சுக்குன்னே ஒரு அகராதி. முதல் தொகுதி 1985ல வந்துச்சு, இசட் வரைக்கும் முடிக்க 2012 ஆச்சு. அவங்க பாட்டி பேசினா அகராதி. நம்ம அம்மா பேசினா ரீல்.

எங்கம்மா அமெரிக்காவுல, டாலஸ்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தாங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. பேரன்கிட்ட "டார்ச் எடுத்துட்டு வாடா"ன்னிருக்காங்க. அவன் "பாட்டி தீப்பந்தம் கேக்குறாங்க"ன்னு இங்கிலீஷ்ல கத்தி, வீடே சிரிப்பு. தம்பியும் சிரிச்சிருக்கான். லண்டன்ல போய்க் கேளுடா, அங்கயும் டார்ச்தான்.

இன்னொரு நாள் தம்பி பொண்டாட்டி "அத்தை, மக்ல காபி தரட்டுமா?"ன்னு கேட்டப்ப அம்மா மூஞ்சி போன போக்கு! நமக்கு மக்னா பாத்ரூம் பக்கெட்ல மிதக்குறதுதானே. அதுக்கு அம்மாவும் சேர்ந்து சிரிச்சாங்க, அது வேற சிரிப்பு. கொஞ்ச நாள் கழிச்சு வீடியோ கால்ல கவனிச்சேன். அம்மா எந்தப் பொருளுக்கும் பேரே சொல்றதில்ல. "அதை எடு", "அந்தா, அதைப் போடு"ன்னு கையைக் காட்டுறாங்க. டிஷ்வாஷரைப் பார்த்து "அதுக்குள்ள இதெல்லாம் வெச்சுட்டேன்"ங்கிறாங்க. 'வெசல்ஸ்'னு சொல்ல வந்து முழுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. இங்கிலீஷ் டீச்சருங்க அவங்க.

இப்ப வருவாங்க. "காமெடியை காமெடியா எடுத்துக்கத் தெரியாதா?" தெரியும். உங்க மேனேஜர் பேசுற இங்கிலீஷை வெச்சு ஒரு ரீல் போடுங்க, நானும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன்.

"அங்க கடைக்குப் போனா அவங்க வார்த்தை தெரியணும்ல?" தெரியணும், ஒத்துக்கிறேன். அதைக் காதோட காதா சொல்லிக் கொடுக்கலாமே, எதுக்குக் கேமரா?

"அப்ப தமிழ்லயே பேச வேண்டியதுதானே?" வாங்கய்யா வாங்க. மிக்ஸியைத் தமிழ்ல என்னன்னு சொல்றாங்கன்னு உங்க வீட்டுல கேட்டுட்டு வந்து அப்புறம் பேசுங்க.

விசா கிடைக்காத வயித்தெரிச்சல்னு ஒருத்தர் எழுதுவார். யாருன்னும் தெரியும். சித்தப்பா, உங்களுக்குத்தான் சொல்றேன், நான் விசாவுக்கு அப்ளை பண்ணவே இல்ல.

தம்பியோட முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் அந்த பீரோ லாக்கர்லேர்ந்துதான் அடகுக் கடைக்குப் போச்சு. அன்னிக்கு யாரும் அது பீரோவா வார்ட்ரோப்பான்னு கேக்கல. ஃபீஸ் கட்டினப்ப இனிச்ச இங்கிலீஷ், ஏர்போர்ட் தாண்டினதும் கசக்குதாக்கும். பையன் பேசக் கத்துக்கிட்டதே அவங்க வாயைப் பார்த்துத்தான். இப்ப அந்த வாய்க்கே திருத்தம்.

ஏர்போர்ட்டே வேண்டாம், இங்க உள்ளூர்லயே ஆரம்பிச்சாச்சு. எங்க எதிர்வீட்டுக் குட்டி எல்.கே.ஜி. படிக்குது. யூடியூப்ல அமெரிக்க ரைம்ஸ்தான் நாள் முழுக்க. நேத்து அவ ஆச்சி "டேப்பை மூடுடி"ன்னதுக்கு "ஆச்சி, அது ஃபாசெட்! உனக்கு இங்கிலீஷே தெரியல"ங்குது. அவ அம்மாவுக்குப் பெருமை தாங்கல, உடனே போனை எடுத்துட்டாங்க. எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருது. ஃபாசெட்னு கூப்பிட்டா தினமும் வரும்னா சொல்லுங்க, நாளைக்கே மாத்திக்கிறேன்.